நின்ற இடத்தில் வாழும் செல், நகர்ந்து வாழும் செல்

வெங்காயத்தின் ஓர் அடுக்கை எடுத்து ஒடித்தால், அதன் குழிவான உட்பக்கத்தில் கண்ணாடித் தாள் போல ஒரு மெல்லிய தோல் தனியே உரிந்து வரும். அதில் சிறு துண்டை வெட்டி, மடிப்பு விழாமல், கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீர் விட்டு அதன்மேல் விரித்துப் போடுங்கள். பிறகு ஒரு சொட்டு நீர்த்த அயோடின். அப்புறம் மூடுகண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். பொத்தென்று போட்டால் காற்றுக்குமிழிகள் சிக்கிக்கொள்ளும். முதன்முதலாக நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் பலர், கறுப்பு விளிம்போடு பளிச்சென்று தெரியும் அந்தக் காற்றுக்குமிழியைத்தான் செல் என்று நினைத்து வரைந்துவிடுகிறார்கள்.

100 மடங்கு உருப்பெருக்கத்திலேயே காட்சி தெளிவாகத் தெரியும். செங்கல் அடுக்கிய சுவர் போல, நீள்சதுரக் கட்டங்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். நீளம் சுமார் கால் மில்லிமீட்டர். ஒவ்வொன்றிலும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி இருக்கும், அது உட்கரு. அந்தப் புள்ளி பெரும்பாலும் நடுவில் இருக்காது, ஏதோ ஒரு சுவரோரமாக ஒதுங்கியிருக்கும். நடுப்பகுதி ஒன்றுமே இல்லாதது போல வெறிச்சென்று தெரியும். உட்கரு ஏன் ஓரம்போய் நிற்கிறது என்ற கேள்வியை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சுத்தமான பஞ்சுக் குச்சியால் உங்கள் கன்னத்தின் உட்பக்கத்தை மெல்லத் தடவி, அதை வேறொரு தகட்டில் தேய்த்து, ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டுப் பாருங்கள். இங்கே செங்கல் அடுக்கு கிடையாது. ஒழுங்கான வடிவமே இல்லாத, ஓரங்கள் மடிந்த மெல்லிய செதில்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். சில ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அகலம் சுமார் 60 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பதினாறு பதினேழு செல்களை வரிசையாக வைக்கலாம். ஒவ்வொன்றின் நடுவிலும் அடர்நீலத்தில் உட்கரு தெரியும்.

முதலில் பார்த்தது தாவர செல், அடுத்துப் பார்த்தது விலங்கு செல். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளைப் பள்ளியில் ஓர் அட்டவணையாக மனப்பாடம் செய்கிறோம். செல்சுவர் உண்டு, இல்லை. வெயிலைக் கொண்டு உணவு செய்யும் பசுங்கணிகம் உண்டு, இல்லை. நுண்குமிழ் என்னும் நீர்ப்பை பெரியது, சிறியது. தேர்வு முடிந்ததும் எது எந்தப் பக்கம் என்று குழம்பிவிடுகிறது. என்னைக் கேட்டால் அட்டவணையே தேவையில்லை. தாவரம் வேரூன்றிய இடத்திலேயே நின்று, வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே செய்துகொள்கிறது. விலங்கு உணவைத் தேடிப் போகிறது. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் வேறுபாடுகள் எல்லாம் அதிலிருந்தே ஒவ்வொன்றாக வந்துவிடும். இன்னொன்றும் புலப்படும்: வேறுபாட்டைவிட ஒற்றுமைதான் மிக அதிகம்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் செல் என்று எழுதுகின்றன, இலங்கைப் பாடநூல்கள் கலம் என்கின்றன, பொதுவாக உயிரணு என்றும் சொல்கிறோம். மூன்றும் ஒன்றே. செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பை நாம் மைட்டோகாண்ட்ரியா என்கிறோம், இலங்கையில் இழைமணி என்பார்கள். கிரேக்கத்தில் மைட்டோஸ் என்றால் நூலிழை, காண்ட்ரியோன் என்றால் சிறுமணி. பொருள் அப்படியே தமிழில் வந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் அது ஒன்று. இந்தக் கட்டுரையில் பலருக்கும் பழக்கமான செல், மைட்டோகாண்ட்ரியா என்ற சொற்களையே வைத்துக்கொள்கிறேன்.

செல் என்ற பெயர் வந்த கதை

1665இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஹூக் தன் நுண்ணோக்கியில் தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றைப் பார்த்தார். தேன்கூடு போலச் சின்னஞ்சிறு அறைகள் தெரிந்தன. லத்தீனில் சிறு அறைக்கு செல்லா என்று பெயர். அதிலிருந்து செல் வந்தது. ஒரு கன அங்குலத் தக்கையில் 120 கோடிக்கும் மேற்பட்ட அறைகள் இருக்கும் என்று அவர் கணக்கும் போட்டார். தக்கை என்பது மரப்பட்டையின் உயிரற்ற பகுதி. ஆகவே ஹூக் பார்த்தது உயிருள்ள செல்லை அல்ல, செல் செத்துப்போன பின் மிஞ்சி நின்ற சுவர்களை. வீட்டைவிட்டு ஆட்கள் போன பிறகு சுவர் மட்டும் நிற்பது போல.

உயிருள்ள நுண்ணுயிர்களை அடுத்த பத்தாண்டில் பார்த்தவர் நெதர்லாந்தின் லீவன்ஹூக். உட்கரு என்று ஒன்று செல்லுக்குள் தவறாமல் இருப்பதை 1831இல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செடிகளில் கவனித்தார். தாவரங்கள் முழுவதும் செல்களால் ஆனவை என்று 1838இல் ஷ்லைடனும், விலங்குகளும் அப்படியே என்று 1839இல் ஷ்வானும் சொன்னார்கள். ஒரு செல் இன்னொரு செல்லிலிருந்துதான் பிறக்கும் என்பதை 1855இல் ஃபிர்க்கோ அழுத்தமாக எழுதினார். ஹூக்கின் தக்கையிலிருந்து இந்த இடத்துக்கு வர 190 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இரண்டுக்கும் பொதுவானவை

முதலில் புத்தகப் படம் மனதில் ஏற்றிவைத்திருக்கும் சில தவறான எண்ணங்களைக் களைந்துவிட வேண்டும். செல் தட்டையானது இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள ஒரு பொருள். படத்தில் மைட்டோகாண்ட்ரியா ஆரஞ்சாகவும் உட்கரு ஊதாவாகவும் இருப்பது ஓவியர் பூசிய வண்ணம். உள்ளதில் பெரும்பாலான பாகங்கள் நிறமற்றவை. அதனால்தான் அயோடினும் மெத்திலீன் நீலமும் தேவைப்படுகின்றன. பசுங்கணிகத்தின் பச்சை மட்டும் உண்மையான நிறம். மிக முக்கியமாக, படத்தில் பாகங்களுக்கு நடுவே காலியாக விட்டிருக்கும் இடம் காலியே இல்லை. சைட்டோபிளாசம் என்னும் அந்தப் பகுதி, புரதங்களும் உப்புகளும் சர்க்கரைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கூழ் போன்ற இடம்.

செல்லைச் சுற்றி இருப்பது செல் சவ்வு. தடிமன் 7 முதல் 10 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் உயரம் வர லட்சம் சவ்வுகளுக்கு மேல் அடுக்க வேண்டும். பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நின்று இதை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் இரண்டு வால்களும் உண்டு. செல்லுக்கு வெளியேயும் நீர், உள்ளேயும் நீர். ஆகவே தலைகள் இரு பக்கமும் வெளியே பார்க்க, வால்கள் நடுவில் ஒன்றோடொன்று முகம் புதைத்துக்கொள்கின்றன. யாரும் ஒட்டவைக்காமலே, நீரில் போட்டால் தாமாகவே இப்படி அணிவகுத்துவிடும். 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் காட்டியது போல இது இறுகிய தாள் இல்லை. எண்ணெய் போல நெகிழ்ந்து ஓடும் பரப்பு, அதில் புரதங்கள் மிதக்கின்றன. எதை உள்ளே விடலாம், எதை வெளியே தள்ள வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவை பெரும்பாலும் அந்தப் புரதங்களே. தாவர செல்லுக்குச் சுவர்தான் உண்டு, சவ்வு கிடையாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுவருக்கு உட்புறம் ஒட்டினாற்போல அங்கேயும் இதே சவ்வு இருக்கிறது.

உட்கருவுக்குள், மரபுச் செய்திகளைத் தாங்கிய டிஎன்ஏ இருக்கிறது. ஒரு மனித செல்லின் 46 குரோமோசோம்களில் உள்ள டிஎன்ஏவை எல்லாம் நீட்டி ஒன்றோடொன்று கோர்த்தால் சுமார் 2 மீட்டர் வரும். அவ்வளவும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத ஓர் உருண்டைக்குள் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. உட்கருவைச் செல்லின் மூளை என்று சொல்வது வழக்கம். எனக்கு அந்த ஒப்பீட்டில் உடன்பாடு இல்லை. உட்கரு சிந்தித்து ஆணை போடுவதில்லை. அது ஏட்டுச்சுவடிகள் வைத்திருக்கும் அறை போன்றது. எந்தச் சுவடியை எப்போது பிரிப்பது என்பது செல்லின் மற்றப் பகுதிகளிலிருந்தும் வெளியிலிருந்தும் வரும் செய்திகளைப் பொறுத்தது.

சுவடியில் இருப்பது பொருளாக மாறும் வழியை ஓர் உதாரணத்தோடு பார்த்தால் செல்லுக்குள் இருக்கும் மூன்று நான்கு நுண்ணுறுப்புகள் ஒரே மூச்சில் புரிந்துவிடும். கணையத்தில் உள்ள ஒரு செல் இன்சுலின் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். உட்கருவில் இருக்கும் இன்சுலின் மரபணுவின் நகல் ஒன்று, எம்ஆர்என்ஏ என்ற இழையாக எடுக்கப்படுகிறது. மூலச் சுவடி வெளியே வராது, நகல்தான் வரும். உட்கரு உறையில் உள்ள துளை வழியே அது சைட்டோபிளாசத்துக்கு வந்ததும் ஒரு ரைபோசோம் அதைப் பற்றிக்கொள்கிறது. ரைபோசோம் 20 முதல் 30 நானோமீட்டர் அளவே உள்ள துகள். சாதாரண நுண்ணோக்கியில் தெரியவே தெரியாது. அது நகலை மூன்று மூன்று எழுத்துகளாகப் படித்து புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோர்க்கிறது. இந்தத் துகளின் கட்டமைப்பை அணு அணுவாகக் கண்டறிந்ததற்காகத்தான் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் மூவருக்கும் 2009இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கோர்க்கத் தொடங்கிய உடனேயே அந்தச் சங்கிலியின் முனை எண்டோபிளாச வலைக்குள் நுழைகிறது. உட்கருவின் வெளியுறையிலிருந்தே தொடர்ந்து, மடிப்பு மடிப்பாகப் பரவும் சவ்வுகளின் வலை அது. வெளிப்பரப்பில் ரைபோசோம்கள் ஒட்டியிருக்கும் பகுதி சொரசொரப்பானது. ரைபோசோம் இல்லாத வழவழப்பான பகுதி கொழுப்புகளைச் செய்யும். உள்ளே நுழைந்த சங்கிலி சரியான வடிவத்தில் மடிகிறது. பிறகு சிறு சவ்வுப் பை ஒன்றில் ஏறி, கோல்கை உறுப்புக்குப் போகிறது. தட்டுகளை அடுக்கிவைத்தாற்போல இருக்கும் இதை 1898இல் கமில்லோ கோல்ஜி நரம்பு செல்களுக்கு வெள்ளிச் சாயம் ஏற்றியபோது கண்டார். இங்கே புரதங்கள் தரம் பிரிக்கப்பட்டு, போக வேண்டிய இடத்துக்கு ஏற்பப் பைகளில் கட்டப்படுகின்றன. அந்தப் பைக்குள் தேவையற்ற ஒரு துண்டு வெட்டி நீக்கப்பட்ட பிறகே அது முழு இன்சுலின் ஆகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது பை செல் சவ்வோடு இணைந்து திறக்க, இன்சுலின் வெளியே கொட்டுகிறது. தாவர செல்லிலும் இதே வழித்தடம்தான். அங்கே கோல்கை உறுப்புகள் சுவருக்கு வேண்டிய பெக்டின் போன்ற பொருட்களையும் செய்து அனுப்புகின்றன.

இவ்வளவு வேலைக்கும் ஆற்றல் வேண்டும். அதைத் தருவது மைட்டோகாண்ட்ரியா. உணவிலிருந்து வந்த மூலக்கூறுகளை ஆக்சிஜனின் உதவியோடு சிதைத்து, ஏடிபி என்ற சிறு மூலக்கூறாக ஆற்றலை மாற்றிக் கொடுக்கிறது. செல்லின் வேலைகளில் பெரும்பாலானவை இந்த ஏடிபியைச் செலவழித்தே நடக்கின்றன. ஒரு மனிதர் ஒரு நாளில் பயன்படுத்தும் ஏடிபியை எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய அவருடைய உடல் எடை அளவுக்கு வரும். ஒரு கணத்தில் உடலில் இருப்பதோ மிகக் கொஞ்சம். அது திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்படுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு மடிப்பு மடிப்பாக இருப்பதற்குக் காரணம் இதுவே. வேலை நடப்பது சவ்வின்மேல் என்பதால், பரப்பு கூடினால் வேலையும் கூடும். ஆற்றல் அதிகம் தேவைப்படும் கல்லீரல் செல்லில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைட்டோகாண்ட்ரியா இருக்கும்.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். விலங்கு செல்லில் மைட்டோகாண்ட்ரியா, தாவர செல்லில் அதற்குப் பதிலாகப் பசுங்கணிகம் என்று மிகப் பலர் நினைக்கிறார்கள். நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூடச் சொல்லும் தவறு இது. தாவர செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு, கட்டாயம் உண்டு. பசுங்கணிகம் சர்க்கரையைச் செய்து தருகிறது. அந்தச் சர்க்கரையிலிருந்து செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் எடுப்பது மைட்டோகாண்ட்ரியாதான். இரவில் வெயில் இல்லை. மண்ணுக்குள் இருக்கும் வேருக்குப் பகலிலும் வெயில் இல்லை. அந்த நேரத்திலும் அந்த இடத்திலும் செடி உயிரோடு இருக்க வேண்டுமே.

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டிஎன்ஏ இருக்கிறது. பாக்டீரியாவில் உள்ளது போல அது வட்டமானது. மனிதரில் அதில் 37 மரபணுக்கள் உள்ளன. அதன் ரைபோசோம்களும் பாக்டீரியாவின் ரைபோசோம்களை ஒத்தவை. பசுங்கணிகமும் இதே கதைதான். ஒரு காலத்தில் தனியே வாழ்ந்த பாக்டீரியாக்களைப் பெரிய செல் ஒன்று விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டதால் வந்தவை இவை என்று லின் மார்குலிஸ் 1967இல் எழுதினார். பல ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகே அந்தக் கட்டுரை அச்சேறியது. இன்று அது பாடநூல்களில் இருக்கிறது. நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எப்போதோ வந்து தங்கிய விருந்தாளி குடும்பத்தில் ஒருவராகவே ஆகிவிட்டிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

லைசோசோமைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமிலத்தன்மை மிக்க, செரிமான நொதிகள் நிறைந்த சிறு பை அது. பழுதான பாகங்களையும் உள்ளே வந்த கிருமிகளையும் சிதைக்கும். விலங்கு செல்களில் இது தெளிவாகத் தெரியும். தாவர செல்லில் அந்த வேலையின் பெரும்பகுதியை நுண்குமிழ் ஏற்றுக்கொள்கிறது. இவை தவிர செல் முழுவதும் நுண்ணிய புரத இழைகளின் சட்டகம் ஒன்று ஓடுகிறது. செல்லுக்கு வடிவம் தருவதும், பைகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுத்துச் செல்லும் தடமாக இருப்பதும் அதுவே.

நின்ற இடத்தில் வாழ்வதற்கு

இப்போது தாவரத்துக்கு வருவோம். வெயிலைப் பிடிக்க இலைகளை உயரத்தில் விரித்து வைக்க வேண்டும். எலும்பு கிடையாது. அப்படியென்றால் ஒவ்வொரு செல்லும் தன் பங்குக்கு நிமிர்ந்து நின்றாக வேண்டும். செல்சுவரும் நடு நுண்குமிழும் சேர்ந்து செய்வது அந்த வேலையைத்தான். இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் புரியாது என்பது என் எண்ணம்.

செல்சுவர் பெரும்பாலும் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. அது கெட்டியானது, ஆனால் நீரும் சிறு மூலக்கூறுகளும் தாராளமாகப் புகுந்து வரும். எதையும் தேர்ந்தெடுத்து விடுவது அதன் வேலை இல்லை; அது சவ்வின் வேலை. அடுத்தடுத்த செல்களின் சுவர்களுக்கு நடுவே பெக்டின் பசை போல ஒட்டிப்பிடிக்கிறது. சுவர்களில் நுண்ணிய துளைகளும் உண்டு. அவற்றின் வழியே ஒரு செல்லின் சைட்டோபிளாசம் பக்கத்து செல்லின் சைட்டோபிளாசத்தோடு தொடர்பு வைத்துக்கொள்கிறது. அடைத்து வைத்த அறைகள் போலத் தெரிந்தாலும் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அறைகள்.

நடு நுண்குமிழ் என்பது சவ்வால் சூழப்பட்ட ஒரு பெரிய நீர்ப்பை. வளர்ந்த தாவர செல்லில் கொள்ளளவின் 90 சதவீதம் வரைகூட அது பிடித்துக்கொள்ளும். உட்கருவும் சைட்டோபிளாசமும் சுவரோரமாக ஒரு மெல்லிய படலமாக ஒதுங்க வேண்டியதுதான். வெங்காயத் தோலில் உட்கரு ஓரத்தில் நின்றதும், நடுப்பகுதி வெறிச்சென்று தெரிந்ததும் இதனால்தான்.

அந்தப் பைக்குள் உப்புகளும் சர்க்கரைகளும் கரைந்திருப்பதால் வெளியே இருக்கும் நீர் சவ்வூடு பரவல் மூலம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். பை உப்பி, சைட்டோபிளாசத்தைச் சுவரோடு அழுத்தும். சுவர் எதிர்த்து நிற்கும். இந்த விறைப்பழுத்தம் சாதாரணமாகவே கார் டயருக்குள் இருப்பதைவிட அதிகம். சில செல்களில் பல மடங்கு. ஊதிய பலூன்களைப் பெட்டிகளுக்குள் திணித்து, அந்தப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி நிறுத்தியது போல இளந்தண்டு நிற்கிறது. நீர் குறைந்தால் பலூன் தளர்கிறது, செடி வாடித் தொங்குகிறது. வேரில் நீர் ஊற்றினால் சிறிது நேரத்தில் அதே தண்டு மறுபடியும் நிமிர்வதற்கு வேறு மந்திரம் ஏதுமில்லை.

இதை நேரில் பார்க்க முடியும், பார்த்தே ஆக வேண்டும் என்பேன். செந்நிற வெங்காயத்தில், அடுக்கின் வெளிப்பக்கத்தில் ஊதாவாக இருக்கும் தோலை உரித்து, சாயம் ஏதும் விடாமல், நீரில் வைத்துப் பாருங்கள். செல் முழுக்க ஊதாவாகத் தெரியும். அந்த ஊதா, நுண்குமிழின் நீரில் கரைந்திருக்கும் நிறமி. இப்போது மூடுகண்ணாடியின் ஒரு விளிம்பில் அடர்ந்த உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, எதிர் விளிம்பில் உறிஞ்சுதாளை வைத்தால் கரைசல் தோலின் மீது ஓடிப் பரவும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். சில நிமிடங்களில் ஊதா மூலைகளிலிருந்து விலகத் தொடங்கும். சுவர் நின்ற இடத்திலேயே நிற்க, உள்ளே இருக்கும் ஊதா சுருங்கிச் சுருங்கி ஓர் உருண்டையாகி, நிறமும் முன்பைவிட அடர்ந்து நிற்கும். சுவர் வேறு, சவ்வு வேறு என்று நூறு முறை படித்தாலும் பதியாதது அந்த ஒரு காட்சியில் பதிந்துவிடும். அதிக நேரம் விடாமல் உப்பை நீரால் அலசினால் ஊதா மெல்ல விரிந்து சுவரைத் தொடும். செல் உயிரோடுதான் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

மூன்றாவது, பசுங்கணிகம். வில்லை வடிவம், குறுக்கே சுமார் 5 மைக்ரோமீட்டர். உள்ளே நாணயங்களை அடுக்கியது போலச் சவ்வுத் தட்டுகள் இருக்கும். அவற்றில்தான் பச்சையம் உள்ளது. தட்டுகளில் ஒளி பிடிக்கப்பட்டு நீர் பிளக்கப்படுகிறது, ஆக்சிஜன் வெளியேறுகிறது. தட்டுகளைச் சுற்றியுள்ள திரவத்தில் கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாகக் கட்டப்படுகிறது. மிச்சம் இருப்பது ஸ்டார்ச்சாகச் சேமிக்கப்படும். ஹைட்ரில்லா போன்ற நீர்ச்செடியின் இலையை நுண்ணோக்கியில் வைத்தால் பச்சை மணிகள் செல்லின் ஓரமாக வரிசையாக ஊர்ந்து போவதைக் காணலாம். சைட்டோபிளாசம் சுற்றிச் சுழன்று அவற்றைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. நிற்கும் செடிக்குள் ஓய்வில்லாமல் நடக்கும் ஓட்டம்!

எல்லாத் தாவர செல்களும் பச்சை என்று எண்ணிவிட வேண்டாம். நாம் பார்த்த வெங்காயத் தோலில் பச்சை துளியும் இல்லை, ஏனென்றால் அது மண்ணுக்குள் வளர்ந்த பகுதி. வெயில் எட்டாத இடத்தில் பசுங்கணிகத்துக்கு வேலையில்லை. படத்தில் பச்சை இல்லையென்றால் விலங்கு செல் என்று முடிவு கட்டுவது தவறு. சுவர் இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான வழி.

நகர்ந்து வாழ்வதற்கு

விலங்குக்கு இந்த மூன்றும் இல்லை என்பதைக் குறையாக எண்ணக் கூடாது. கெட்டிச் சுவருக்குள் அடைபட்ட செல்லால் சுருங்கி விரிய முடியாது. தசை சுருங்குவதும், மீட்டர் நீளத்துக்கு ஓடும் நரம்பு இழையும், ரத்தக்குழாயின் இடுக்கில் நெளிந்து புகுந்து கிருமியைச் சூழ்ந்து விழுங்கும் வெள்ளணுவும், சுவர் இல்லாததால்தான் சாத்தியம். உணவு வெளியிலிருந்து வருவதால் பசுங்கணிகம் வேண்டாம். உப்பி நிற்கத் தேவையில்லை என்பதால் பெரிய நீர்ப்பையும் வேண்டாம். விலங்கு செல்லில் நுண்குமிழ்கள் இருந்தாலும் அவை சிறியவை. சேமிப்பும் ஸ்டார்ச்சாக இல்லாமல் கிளைக்கோஜனாக இருக்கிறது. தேவை வரும்போது சட்டென்று சர்க்கரையாகப் பிரிக்க வசதியானது.

சுவர் இல்லாததற்கு ஒரு விலையும் உண்டு. ரத்தச் சிவப்பணுவைத் தூய நீரில் போட்டால் நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், தடுத்து நிறுத்தச் சுவர் கிடையாது, சிறிது நேரத்தில் வெடித்துவிடும். நோயாளிக்கு நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் 0.9 சதவீதமாக அளந்து தயாரிக்கப்படுவது இதனால்தான். அந்த அளவில் சிவப்பணு உப்புவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. இன்னொரு பக்கம் அதே குறைபாடு நம்மைக் காப்பாற்றவும் செய்கிறது. பாக்டீரியாவுக்குச் சுவர் உண்டு; அது செல்லுலோஸ் இல்லை, வேறு பொருள். பெனிசிலின் அந்தச் சுவர் கட்டப்படுவதைத் தடுத்து பாக்டீரியாவை வெடிக்கவைக்கிறது. நம் செல்களில் சுவரே இல்லாததால் அந்த மருந்து தாக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை.

விலங்கு செல்லில் மட்டும் பேசப்படும் உறுப்பு ஒன்று உண்டு: சென்ட்ரியோல். உட்கருவுக்கு அருகே ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் இரண்டு சிறு உருளைகள். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் இழைகள் புறப்படும் இடம் அதைச் சுற்றியே இருக்கும். பூக்கும் தாவரங்களில் சென்ட்ரியோல் இல்லை, ஆனாலும் இழைகள் சரியாகவே அமைகின்றன.

செல் இரண்டாகப் பிரியும் விதத்திலும் சுவரின் பங்கு தெரிகிறது. விலங்கு செல் நடுவில் கயிறு கட்டி இறுக்கியது போல இடுப்பு ஒடுங்கி இரண்டாகும். கெட்டிச் சுவரை அப்படி ஒடுக்க முடியாது. எனவே தாவர செல்லில் கோல்கை உறுப்பிலிருந்து வந்த பைகள் நடுவில் வரிசையாகக் கூடி இணைந்து, உள்ளிருந்து வெளிநோக்கி ஒரு தடுப்பை வளர்க்கின்றன. அது பழைய சுவரைத் தொட்டதும் ஓர் அறை இரண்டு அறையாகிவிடுகிறது.

படத்துக்குள் அடங்காத செல்கள்

பாடநூலில் வரையப்படும் தாவர செல்லும் விலங்கு செல்லும் பொதுவான மாதிரிகள். உங்கள் உடலில் அப்படியே அந்தப் படம் போல இருக்கும் செல் ஒன்றைத் தேடினால் கிடைப்பது கடினம். மனித உடலில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன என்று கணக்கிடுகிறார்கள். அவற்றில் பெரும்பான்மை சிவப்பணுக்கள். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இடம் விட்டு எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுகிறது. சுவடி அறையே இல்லாததால் பழுதைச் சரிசெய்துகொள்ளவும் அதனால் முடியாது. சுமார் 120 நாள் ஓடிவிட்டு அழிகிறது.

மரத்தில் இதைவிடத் தீவிரமாக ஒன்று நடக்கிறது. வேரிலிருந்து உச்சி இலை வரை நீரை ஏற்றும் சைலம் குழாய்கள் ஒரு காலத்தில் உயிருள்ள செல்கள். அவை முதலில் தம் சுவரை லிக்னின் என்ற கெட்டியான பொருள் கொண்டு தடிமனாக்குகின்றன. பின்னர் உட்கரு, சைட்டோபிளாசம், சவ்வு என்று உள்ளே இருப்பதை எல்லாம் தாமே கரைத்துவிடுகின்றன. செல்லுக்கும் செல்லுக்கும் இடையே இருந்த குறுக்குச் சுவர் திறக்கிறது. வெறும் சுவர்கள் வரிசையாக இணைந்து ஒரே குழாயாகின்றன. உயிர் போன பிறகுதான் அந்த செல் தன் வேலையைத் தொடங்குகிறது, மரம் நிற்கும் காலம் பெரும்பாலும் அதன் கட்டையாகவே நின்றுவிடுகிறது.